பூசிய மரமும் ஊட்டிய மரமும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டுள்ள பொருள் தரை. அதிலும், பலர் நடமாடுகின்ற பொது இடங்களில் போடப்படும் மரத் தரை. மொழிபெயர்ப்புத் துறையில் பணியாற்றுகின்ற ஒருவனுக்கு மரத் தரையைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நேயர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. நான் தச்சனும் அல்லன், பொறியாளனும் அல்லன். இலக்கியம் படித்துப் பி.ஏ. பட்டம் பெற்று, மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் ஆங்கிலத்தைத் தமிழாக்கி ஊதியம் பெறுகிறவன். எனினும், ஒரு தரையைக் கெடுத்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு. உளியாலோ சுத்தியலாலோ அன்று. ஒரு சொல்லால் கெடுத்தேன். அது எவ்வாறு நேர்ந்தது என்பதையும், அதன் பயனாக நான் கற்றுக்கொண்டவற்றையும் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

நான் வாழ்வது வடநாட்டு நகரம் ஒன்றில். எங்கள் குடியிருப்பில் சிறியதொரு தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அதன் பெயரைக் கூற வேண்டிய தேவை இல்லை; பிற மாநிலங்களில் வாழும் நேயர்களில் பலருக்கு இத்தகைய சங்கம் ஒன்று அருகிலேயே இருக்கும். சங்கத்திற்கு உள்ளது ஒரே கூடம். நீளம் 12 மீட்டர், அகலம் 9 மீட்டர். சனிக்கிழமைகளில் அங்கே குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் பரதநாட்டிய வகுப்பு, தை மாதத்தில் பொங்கல் விழா, புரட்டாசியில் கொலு, இடையிடையே திருமண வரவேற்பு, ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழுவின் வாக்குவாதம். இவ்வளவையும் தாங்கியது சிமெண்டின்மேல் போட்ட பழைய மொசைக் தரை.

அந்தத் தரையைப் பற்றி முதலில் குறை கூறியவர் நாட்டிய ஆசிரியை. "கல்லின்மேல் நாள்தோறும் தட்டடவு போட்டால் பிள்ளைகளின் முழங்கால் என்னவாகும்? கணைக்கால் எலும்பு நோகிறது என்று பாதிப் பேர் வருவதில்லை" என்று அவர் செயற்குழுவில் முறையிட்டார். அவர் கூறியது உண்மை. கல்லும் சிமெண்டும் காலின் அடியை வாங்கிக்கொள்வதில்லை; வந்த வேகத்தோடு காலுக்கே திருப்பிவிடுகின்றன. ஆகவே மரத் தரை போடுவது என்று முடிவாயிற்று. ஆனால் அது நாட்டிய மேடை மட்டும் அன்று. நூறு இரும்பு நாற்காலிகளை இழுக்கிற இடம், செருப்பும் பூட்சும் நடமாடுகிற இடம். எனவே உறுதியான மரத் தரை வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதினார்கள்.

பணம் திரட்டினோம். வீடு வீடாகச் சென்றோம். கணக்குத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக ஒரு மாத ஓய்வூதியம் முழுவதையும் அளித்தார். அந்த அம்மையார் பல ஆண்டுகள் அதே கூடத்தில் குழந்தைகளுக்கு அரிச்சுவடி கற்பித்தவர். என் மகளுக்கு 'அ' எழுதக் கை பிடித்தவரும் அவரே.

விலைப்புள்ளிகள் இரண்டு வந்தன, இரண்டும் ஆங்கிலத்தில். செயற்குழுவில் உள்ள முதியோர் சிலரின் வசதிக்காக அவற்றைத் தமிழில் சுருக்கித் தருமாறு என்னிடம் கொடுத்தார்கள். ஒன்றில், அக்ரிலிக் மேற்பூச்சுக் கொடுத்த கடின மரம் என்று இருந்தது. மற்றொன்றில், அக்ரிலிக்கை மரத்தினுள்ளே செலுத்திக் கெட்டிப்படுத்திய கடின மரம் என்ற பொருள்படும் சொல் இருந்தது. அலுவலகத்தில் கோப்புகள் குவிந்திருந்த வாரம் அது. இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து, இரண்டையும் 'அக்ரிலிக் பூசிய மரம்' என்றே எழுதிவிட்டேன். முதலாவதன் விலையைப்போல் இரண்டாவதன் விலை ஏறத்தாழ இரு மடங்கு. பெயர் ஒன்றாயிருந்து விலை வேறாயிருந்தால் எவர்தாம் எதைத் தேர்ந்தெடுப்பார்? குழுவினர் ஐந்தே நிமிடத்தில் மலிவானதைத் தேர்ந்தெடுத்தார்கள். பொதுப் பணத்தை மிச்சப்படுத்தினோம் என்ற மனநிறைவோடு அனைவரும் காப்பி அருந்தி வீடு திரும்பினோம்.

தரை வந்தது. அழகாகவே இருந்தது. பலகைகளுக்கு அடியில் சட்டங்களையும் அவற்றின் கீழ் மெத்தென்ற திண்டுகளையும் வைத்திருந்தார்கள். ஆதலின் காலுக்கு இதமாகவும் இருந்தது. நாட்டிய ஆசிரியை மகிழ்ந்தார். முதலாண்டு ஒரு குறையும் இல்லை. இரண்டாம் ஆண்டில், வாயிலிலிருந்து மேடைவரை மக்கள் நடக்கிற வழி மங்கத் தொடங்கியது. பின்பு பளபளப்பு அற்றுப்போயிற்று. அதன்பின் நீர் இறங்கி நரம்புகள் எழும்பின. அந்த ஆண்டு நவராத்திரியில், என் மகளோடு வரிசையில் ஆடிக்கொண்டிருந்த எட்டு வயதுச் சிறுமியின் உள்ளங்காலில் சிராய் ஒன்று ஆழமாகப் பாய்ந்துவிட்டது. அந்தக் குழந்தை ஜதி முடியும்வரை நின்று ஆடிவிட்டு, பிறகு நொண்டிக்கொண்டே திரைக்குப் பின்னால் சென்று அழுதது. மருத்துவரிடம் தூக்கிச் சென்றவர்களுள் நானும் ஒருவன்.

அன்றிரவு பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். தரை போட்டவர் நம்மை ஏமாற்றினாரா என்று தேடவே எடுத்தேன். அவர் ஏமாற்றவில்லை. தாளில் எழுதியதை எழுதியபடியே செய்திருந்தார். இரண்டு வேறு பொருள்களை ஒரே பொருளாக்கியவன் நான்தான்.

அதற்குப் பிறகே அந்த இரண்டாவது சொல்லின் பொருளை நான் முறையாகக் கற்கத் தொடங்கினேன். கற்றதைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

மரம் நம் கண்ணுக்குக் கெட்டியான பொருளாகத் தோன்றுகிறது. உண்மையில் அது நுண்ணிய குழாய்களின் கட்டு. வேரிலிருந்து நீரை மேலே கொண்டுசென்ற குழாய்கள், மரம் அறுபட்டு உலர்ந்தபின் வெறுங்குழாய்களாக நிற்கின்றன. அந்தக் குழாய்களின் சுவர்ப்பொருள், எந்த மரமாயினும், நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. அவ்வாறாயின் மரம் ஏன் மிதக்கிறது? உள்ளே காற்று நிறைந்த வெற்றிடம் இருப்பதால்தான். மேலை நாடுகளில் தரைக்குப் பெரிதும் பயன்படுத்துகிற சிவப்பு ஓக் என்ற கடின மரத்தை எடுத்துக்கொண்டால், உலர்ந்த பலகையின் கன அளவில் பாதிக்கு மேல் வெற்றிடமே. கடினம் என்று பெயர் பெற்ற மரத்திலேயே இந்த நிலை.

இந்த வெற்றிடமே மரத்தின் நன்மைக்கும் தீமைக்கும் காரணம். மரம் காலுக்குக் குளிர்ச்சியோ சூடோ கடுமையாகக் காட்டாமல் இருப்பது இதனால். நாற்காலிக் கால் அழுந்தினால் குழி விழுவதும் இதனால். 55 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள குதிகாலையுடைய காலணி அணிந்து நடப்பதாகக் கொள்வோம். உடலின் எடை முழுவதும் அந்தச் சிறு புள்ளியில் இறங்கும் கணத்தில், யானையின் அகன்ற பாதம் தருவதைவிடப் பன்மடங்கு மிகுந்த அழுத்தம் தரைக்கு ஏற்படுகிறது. காலோடு வருகிற மணலோ உப்புத்தாளின் வேலையைச் செய்கிறது. மேலே பூசிய பூச்சு எவ்வளவு நல்லதாயினும், அது மெல்லிய தோலே. பலர் நடக்கும் வழியில் அந்தத் தோல் தேய்ந்தே தீரும். தேய்ந்தபின் அடியில் இருப்பது மென்மையான, நீர் குடிக்கிற, வெறும் மரம்.

இனி, ஊட்டிய மரத்தின் செய்தியைக் காண்போம். இதனை விளக்க நம் வீட்டுப் பலகாரங்கள் இரண்டு போதும். பாதுஷாவின்மேல் சர்க்கரை படிந்து வெண்மையாக உறைந்திருக்கும். விரலால் சுரண்டினால் உதிர்ந்துவிடும். ஜாங்கிரியோ குழாய் குழாயாகப் பிழிந்து பொரித்தது. பாகில் போட்டவுடன் அதன் உட்புறமெல்லாம் பாகு புகுந்து நிறைகிறது. ஜாங்கிரியை எங்கே கிள்ளினாலும் பாகு இருக்கும். மேற்பூச்சுப் பெற்ற மரம் பாதுஷா. அக்ரிலிக் ஊட்டிய மரம் ஜாங்கிரி. இந்த எளிய உவமை அன்றிரவு எனக்குத் தோன்றியிருந்தால், ஒரு குழந்தையின் கால் தப்பியிருக்கும்.

செய்முறையும் ஜாங்கிரியை ஒத்ததே. ஆயின் சற்று வன்மையானது. உலர்த்திய பலகைகளை ஓர் இரும்புக் கலத்தில் அடுக்கி மூடுகிறார்கள். கலத்திலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றுகிறார்கள். மரக் குழாய்களில் உள்ள காற்றும் அதனோடு வெளியேறுகிறது. பிறகு, மீதைல் மெத்தாக்ரிலேட் என்ற, தண்ணீர்போல் ஓடக்கூடிய திரவத்தை உள்ளே விட்டு, அழுத்தம் கொடுக்கிறார்கள். திரவம் வெற்றிடங்களில் புகுந்து நிறைகிறது. நிறம் வேண்டுமாயின் சாயத்தை அந்தத் திரவத்திலேயே கலந்துவிடுவார்கள். பின்பு அத்திரவத்தைக் கெட்டிப்படுத்த வேண்டும். அதற்கு வழிகள் இரண்டு. ஒன்று, வினையைத் தூண்டும் பொருள் சிறிது சேர்த்துச் சூடாக்குவது. மற்றொன்று, கோபால்ட்-60 என்ற கதிரியக்கத் தனிமத்திலிருந்து வரும் காமாக் கதிர்களை மரத்தினூடே செலுத்துவது. எவ்வழியாயினும், திரவத்தின் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாகி, மரத்தின் உள்ளேயே கண்ணாடிபோல் இறுகிவிடுகின்றன.

இவ்வாறு இறுகிய பொருள் நமக்குப் புதியதன்று. 1930களிலேயே பெர்ஸ்பெக்ஸ், பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயர்களோடு கண்ணாடிக்கு மாற்றாக வந்தது இதுவே. இரண்டாம் உலகப் போரில் விமானிகள் அமரும் அறையின் கூரையாயிற்று. அந்தக் கூரை உடைந்து கண்ணில் சிதறல் பாய்ந்த விமானிகளின் கண் அதை வெறுத்துத் தள்ளாததைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி என்ற ஆங்கிலேய மருத்துவர், 1949இல் இலண்டனில், கண்புரை நீக்கிய ஒருவரின் கண்ணில் இப்பொருளாலான வில்லையைப் பொருத்தினார். மதுரையில் 1992இல் தொடங்கப்பெற்ற ஆரோலேப் நிறுவனம் இத்தகைய வில்லைகளைக் குறைந்த விலையில் செய்து ஏழை மக்களுக்கு எட்டச் செய்தது. நம் தாத்தா பாட்டியரில் எத்தனையோ பேர் இப்பொருளின் வழியே உலகைப் பார்த்தவர்கள். அதே பொருள்தான் தரைப் பலகையின் நரம்புகளிலும் நிறைந்து நிற்கிறது.

இம்முறை பிறந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடு. 1960களின் தொடக்கத்தில், அந்நாட்டு அணு ஆற்றல் ஆணையத்தின் ஆதரவோடு மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் இதன் ஆராய்ச்சி நடைபெற்றது. அணு ஆற்றலுக்கு அமைதியான பயன்களைத் தேடிய காலம் அது. கதிர்கள் இல்லாமல் வெப்பத்தாலேயே இறுகச் செய்யும் முறையை, நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில் வனவியல் கல்லூரியைச் சார்ந்த ஜான் மேயர் ஆராய்ந்து 1965இல் வெளியிட்டார்.

பென்சில்வேனியா மாநிலத்தில் குவெஹானா என்ற காட்டுப் பகுதி இருக்கிறது. 1950களில் அணுவால் இயங்கும் விமானப் பொறி செய்வதற்காக அங்கே ஆய்வுக் கூடம் எழுப்பினார்கள். அந்தக் கனவு கைகூடவில்லை. பின்னர் அதே கட்டடத்தில் மரத் தரை செய்யும் தொழில் இடம்பெற்றது. 1978 முதல் பெர்மாகிரெய்ன் என்ற நிறுவனம் அங்கே கோபால்ட் கதிர்களால் மரத்தை இறுக்கித் தரைப் பலகைகளாக விற்றது. 2002 டிசம்பரில் அது நொடித்துப்போயிற்று. கட்டடத்தைத் தூய்மைப்படுத்தும் பெருஞ்சுமை மாநில அரசின் தலையில் விழுந்தது. அங்கே ஒட்டியிருந்த நஞ்சு ஸ்ட்ரான்ஷியம்-90. அது மரத் தொழிலின் எச்சம் அன்று. முன்பு குடியிருந்த மற்றொரு நிறுவனத்தின் அணுப் பணியின் எச்சம். ஒருவர் விட்டுச் சென்றதை வேறொருவர் துடைக்க நேர்வது எல்லாத் தொழில்களிலும் உண்டு போலும்.

கதிர் பாய்ந்த மரம் ஆபத்தானதோ என்ற ஐயம் இவ்விடத்தில் எழுவது இயல்பு. கோபால்ட்-60இன் காமாக் கதிர்கள் ஊடுருவிச் சென்ற பொருள் கதிரியக்கம் உடையதாக மாறுவதில்லை. விளக்கை அணைத்தபின் அறையில் ஒளி தங்குவதில்லை அல்லவா? அதுபோன்றதே இதுவும். டிராம்பேயில் 1974இல் நிறுவப்பட்ட ஐசோமெட் நிலையத்தில் அறுவை மருத்துவப் பொருள்களை இதே கதிர்களால்தான் கிருமி நீக்கம் செய்தார்கள். அன்றியும், வெப்பத்தால் இறுக்கும் முறையில் கதிருக்கே இடமில்லை.

ஊட்டிய மரத்தின் சிறப்புகள் யாவை? முதலாவது, கடினம். மரத்தின் கடினத்தை அளக்க, ஆஸ்திரியரான கேப்ரியல் ஜங்கா 1906இல் வகுத்த சோதனை ஒன்று உண்டு. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு பாதி அளவு மரத்தில் அழுந்துவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பது அது. சிவப்பு ஓக் மரத்திற்கு ஏறத்தாழ 585 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற தேக்கு அதைவிடச் சற்றுக் குறைவே. அக்ரிலிக் ஊட்டியபின் அதே ஓக் ஏறத்தாழ இரு மடங்கு விசையைத் தாங்குகிறது. இரண்டாவது, நிறம். சாயம் உள்ளே ஊறியிருப்பதால், மேற்பரப்புத் தேய்ந்தாலும் வழித்தடம் வெளுத்துத் தெரிவதில்லை. மூன்றாவது, நரம்புகள் உள்ளே பிணைக்கப்பட்டிருப்பதால் எளிதில் சிராய் எழும்புவதில்லை.

இதில் வியப்பான செய்தி ஒன்று. வைரம் பாய்ந்த மரம் என்று நாம் போற்றுகிற நடுக்கட்டை, பொதுவாக இத்திரவத்தை உள்ளே விடுவதில்லை. தச்சர் கழித்து ஒதுக்குகிற வெளிப்புற வெள்ளைப் பகுதியே மிகுதியாக உறிஞ்சுகிறது. ஓக் மரத்திலேயே, சிவப்பு ஓக் ஏற்கும். வெள்ளை ஓக் ஏற்காது. வெள்ளை ஓக்கின் குழாய்கள் இயற்கையாகவே அடைபட்டவை. அதனாலன்றோ மேலை நாட்டார் அதைக் கொண்டு மதுப் பீப்பாய் செய்கிறார்கள்! சிவப்பு ஓக்கின் சிறு துண்டை வாயில் வைத்து ஊதினால் மறுமுனையில் காற்று வரும்.

சிறப்புகளைக் கூறிய நான் குறைகளையும் கூற வேண்டும். இல்லையேல் மறுபடியும் அரைகுறை மொழிபெயர்ப்பாகிவிடும்.

இத்திரவம் குழாய்களை நிரப்புகிறதே அன்றி, குழாய்ச் சுவரினுள் பெரும்பாலும் புகுவதில்லை. ஈரத்தால் பருப்பது அந்தச் சுவரே. ஆகவே ஊட்டிய மரம் நீரை மெதுவாக ஏற்கும். ஏற்கவே ஏற்காது என்பது தவறு. வடநாட்டுத் தட்பவெப்பத்தை எண்ணிப் பாருங்கள். வைகாசியில் அனல் காற்று மரத்தை வற்றடிக்கிறது. ஆடியில் மழைக்காற்று நனைக்கிறது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால், 75 மில்லிமீட்டர் அகலமுள்ள சாதாரண சிவப்பு ஓக் பலகை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் விரியக்கூடும். ஒரு பலகைக்கு இது சிறிது. ஒரு கூடத்தின் அகலம் முழுவதும் பலகைகளை அடுக்கிக் கணக்கிட்டால், தடையின்றி விட்டால், பல சென்டிமீட்டர். சுவரோரம் இடைவெளி விடாத தரை நடுவில் புடைத்தெழுவது இதனால்தான். ஆகவேதான், ஊட்டிய மரத்தைச் சில மில்லிமீட்டர் கனமுள்ள மேலடுக்காக வைத்து, அடியில் ஒட்டுப்பலகையைக் குறுக்கும் நெடுக்குமாக அமைத்துச் செய்கிற முறை ஏற்பட்டது.

மற்றொன்று, அக்ரிலிக் எரியக்கூடிய பொருள். பொதுக் கூடத்தில் போடுவதாயின், தீத்தடுப்புச் சோதனையில் தேறியதற்கான சான்றைக் கேட்டு வாங்குதல் இன்றியமையாதது. இன்னொன்று, ஊட்டிய மரம் உழைப்பைத் தருமே அன்றி மென்மையைத் தராது. நடனமாடும் காலுக்கு வேண்டிய நெகிழ்ச்சி, பலகைக்குக் கீழேயுள்ள சட்டத்திலிருந்தும் திண்டிலிருந்தும் வர வேண்டும். சிமெண்டின்மேல் நேராக ஒட்டிவிட்டு, மரத் தரை போட்டுவிட்டோம் என்று மகிழ்ந்தால், முழங்கால் வலி நீங்காது.

இவற்றையெல்லாம் அறிந்துகொண்டபின், என் பிழையை யாரிடம் முதலில் கூறுவது என்று எண்ணினேன். பொதுக்குழுவில் எழுந்து கூறுவது எளிது. நூறு பேரிடம் கூறுவது ஒருவரிடமும் கூறாததற்குச் சமம். ஆகவே ஒரு மாத ஓய்வூதியத்தை அளித்த அந்தப் பெரியவரின் வீட்டிற்குச் சென்றேன். அவர் முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். இரண்டு தாள்களையும் அவர்முன் வைத்து, "ஐயா, இந்த இரண்டு சொல்லையும் நான் ஒன்றாக்கிவிட்டேன். தரை கெட்டதற்கு நானே காரணம்" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரு தாள்களையும் நெடுநேரம் படித்தார். பிறகு கூறினார்: "தம்பி, முப்பத்தைந்து வருஷம் கணக்குத் தணிக்கை பார்த்தவன் நான். விலை இரண்டு மடங்கு இருந்தால் ஏன் என்று கேட்பதுதான் என் தொழில். அன்றைக்கு இங்கிலீஷ் தாளும் என் மடியிலேதான் இருந்தது. தமிழில் வந்துவிட்டதே என்று அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை."

அவர் என்னைத் தேற்றுவதற்காக அப்படிக் கூறவில்லை. முகத்தில் வருத்தமே இருந்தது. சற்றுப் பொறுத்து, "அந்தக் குழந்தைக்குக் கால் ஆறிவிட்டதா?" என்று கேட்டார். ஆறிவிட்டது என்றேன். "வகுப்புக்கு வருகிறாளா?" என்றார். வரவில்லை என்றேன். அவர் அதன்பின் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த பொதுக்குழுவில் நாங்கள் இருவரும் எழுந்து, நடந்ததைக் கூறினோம். சிலர் சினந்தார்கள், சினம் நியாயமானதே. தரை முழுவதையும் மாற்றப் பணம் இல்லை. ஆகவே, மற்றப் பகுதிகளை இழைத்து மறுபடியும் பூச்சுக் கொடுப்பது என்றும், வாயிலிலிருந்து மேடைவரை செல்லும் ஒன்றரை மீட்டர் அகல வழியில் மட்டும் பழைய பலகைகளை எடுத்துவிட்டு அக்ரிலிக் ஊட்டிய பலகைகளை இடுவது என்றும் முடிவு செய்தோம். பூசிய மரத்திற்கும் ஒரு நன்மை உண்டு. அதை இழைத்துப் புதுப்பிக்கலாம். ஆட்கள் மிகுதியாக நடமாடாத இடத்திற்கு அதுவே போதும். இந்தப் பகுத்தறிவு முதலிலேயே இருந்திருந்தால், இரண்டு விலைப்புள்ளிகளுக்கும் நடுவே நியாயமான வழி ஒன்றைக் கண்டிருப்போம். இம்முறை பணிக்குறிப்பைத் தமிழில் எழுதும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள். 'அக்ரிலிக் ஊட்டிய மரம்' என்று எழுதி, அடியில் இரண்டு வரியில் அதன் பொருளையும் எழுதினேன். அதைப் பெரியவர் ஆங்கிலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துக் கையொப்பமிட்டார்.

பள்ளிக்கோ, சங்கத்திற்கோ, அலுவலகத்திற்கோ இத்தகைய தரை போட எண்ணுகிற நேயர்களுக்குச் சில யோசனைகள் கூறி முடிக்கிறேன். பலகையின் மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதன் மேற்பரப்பைப் பார்த்து மயங்காமல், குறுக்கே அறுக்கச் சொல்லி, அறுத்த முகத்தைப் பாருங்கள். சாயம் கலந்து ஊட்டிய மரமாயின் மேலடுக்கின் உள்ளேயும் அதே நிறம் தெரியும். உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். பூச்சாயின் சிறிது நேரத்தில் வெறும் மரம் தலைகாட்டும். எடையும் ஓர் அடையாளம். மரவகையைப் பொறுத்து, ஊட்டியபின் பாதிக்கு மேல் எடை கூடுவதும் உண்டு. ஊட்டிய பலகைகள் சிலவற்றின் மேலும் மெல்லிய பூச்சு இருக்கும். ஆகவே பூச்சு இருக்கிறதா என்று கேட்பது போதாது. பூச்சுத் தேய்ந்தபின் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

தரை போட்டபின் செய்ய வேண்டியவையும் சில. வாயிலில் அகலமான கால்மிதி இடுங்கள். மணல் உள்ளே வராமலிருந்தால் தரையின் ஆயுள் பெருகும். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். நம் வீடுகளில் செய்வதுபோல் வாளி நீரை ஊற்றிக் கழுவ வேண்டா. நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். விரிவதற்காகச் சுவரோரம் விட்டிருக்கும் இடைவெளியைச் சிமெண்ட் வைத்து அடைக்க எவரேனும் முன்வந்தால், அன்போடு தடுத்துவிடுங்கள்.

எங்கள் கூடத்தில் புதிதாக இட்ட வழி மற்றத் தரையைவிடச் சற்றுக் கறுத்து இருக்கும். குழந்தைகள் அதற்குத் 'தார்ச்சாலை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு மழைக்காலங்களும் இரண்டு கோடைகளும் கடந்துவிட்டன. இதுவரை ஒரு சிராயும் எழவில்லை. சென்ற புரட்டாசியில் கொலுவுக்கு வந்திருந்த அந்தச் சிறுமி, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நடந்து வந்தாள். குனிந்து உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். ஆடினாளா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. ஆனால் செருப்பை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள்.